மழைக்காலத்தில் மை ஓவியம்

கேள்வி: இந்தியன் இங்க்கில் (கரித்துகள் கலந்த கறுப்பு மை) அரூப ஓவியம் வரைகிறேன். ஐப்பசி பிறந்தால் கோடெல்லாம் ஊறிப் பரவுகிறது, தாளும் நெளிகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: தாள்தான் காரணம். அடைமழையில் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மை ஊறாமலிருக்கத் தாளில் சேர்த்திருக்கும் பசை தளர்ந்ததும் மை நாருக்குள் ஓடும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 300 கிராம்) வாட்டர்கலர் தாள் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள். வரையும்போது நான்கு ஓரத்தையும் பலகையில் டேப் போட்டு ஒட்டுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே பிரிக்க வேண்டும். சாம்பல் நிறத்துக்கு மை 1 பங்கு, தண்ணீர் 3 பங்கு. உப்பேறிய போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம்: மையிலுள்ள கரித்துகள் திரண்டு, காய்ந்ததும் பொடிப்பொடியாகத் தெரியும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். வெள்ளை விடும் இடத்தை முதலிலேயே முடிவுசெய்யுங்கள். ஷெல்லாக் (அரக்குப் பிசின்) கலந்த மை காய்ந்தால் தூரிகை விறைத்துவிடும், உடனே அலசுங்கள்.