அப்புச்சியின் தங்க வாட்ச்

அன்புள்ள ஐயா,

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருந்தவர். அவர் கட்டியிருந்த ஒமேகா கான்ஸ்டலேஷன் தங்க வாட்ச் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. டயல் பழுப்பேறிவிட்டது, கேஸ் முழுக்கக் கீறல். கோவை ராஜ வீதியில் ஒரு நகைக்கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வாட்ச் கடைக்காரரோ பாலிஷ் போட்டு, டயலுக்குப் பெயின்ட் அடித்துப் புதுசாக்கித் தருகிறேன் என்கிறார். இதிலிருந்து தொடங்கிப் பழைய தங்க வாட்சுகளாகச் சேர்க்கலாம் என்று ஆசை. தங்கம்தானே, நஷ்டம் வராதல்லவா?

க., பொள்ளாச்சி

அன்புள்ள க.,

நஷ்டம் தாராளமாக வரும். பழைய வாட்சை வாங்கும்போது தங்கத்தின் விலைக்கு மேல் கொடுத்துத்தான் வாங்குவீர்கள். அவசரத்துக்கு நகைக்கடையில் நீட்டினால் மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டு கேஸை மட்டும் நிறுப்பார்கள். அதுவும் 18 கேரட், அதாவது முக்கால் பங்குதான் தங்கம். சவரன் கணக்குப் போடுகிறவர் நாணயம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இந்த வாட்சுகள் அரிதாகிப் போனதே அந்த எடைக் கணக்கால்தான். 1970களில் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வந்து சாவி கொடுக்கிற வாட்சுகளை மதிப்பில்லாமல் ஆக்கியது. 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது. நல்ல நல்ல கேஸ்களெல்லாம் உருக்கப் போயின.

உங்கள் டயலில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தேன்: கவிழ்த்து வைத்த தட்டு மாதிரி, ஓரம் பன்னிரண்டு பட்டைகளாக மடிந்து இறங்குகிறது. 1952-இல் அறிமுகமான கான்ஸ்டலேஷனுக்குப் பெயர் வாங்கித் தந்ததில் இந்த டயலுக்குப் பெரிய பங்கு உண்டு. பெயின்ட் அடிக்கப் பழைய பூச்சைத் தேய்த்தால் மடிப்பின் கூர்மை போகும், எழுத்து தடிக்கும். மும்பையிலிருந்து போகும் மறுபூச்சு வாட்சுகளுக்கு வெளிநாட்டில் ஏற்கெனவே கெட்ட பெயர். பழுப்பு இருந்துவிட்டுப் போகட்டுமே!

பாலிஷும் வேண்டாம். கீறலைப் போக்குவது என்றால் கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள தங்கத்தையும் தேய்த்து எடுப்பதுதான். ஸ்ட்ராப் மாட்டும் இடத்து விளிம்புகள் மழுங்கிவிட்டால் அப்புறம் திரும்ப வராது. பின்மூடியில் ஒரு வானாய்வுக்கூடமும் எட்டு நட்சத்திரங்களும் இருக்கும். அவை மொழுக்கென்று இருந்தால் ஏற்கெனவே யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று, முழுத் தங்கம்தானா என்று பார்த்தீர்களா? பின்மூடி வெள்ளையாக, ஸ்டீலாக இருந்தால் அநேகமாக மேலே தங்கத் தகடு போர்த்தியதுதான். நகைக்கடை சோதனை மெஷின் மேல்பரப்பை மட்டும் படிப்பதால், தகட்டையும் தங்கம் என்றே சொல்லிவிடும். உரைகல்லில் உரசவும் கொடுக்காதீர்கள். மூடியின் உள்பக்கம் பாருங்கள்: ஸ்விஸ் 18 கேரட் கேஸ் என்றால் ஒரு பெண்ணின் தலை முத்திரையும் 0.750 அல்லது 18கே என்ற குறியும் இருக்க வேண்டும். பூச்சின் தடிமன் மைக்ரான் கணக்கில் எழுதியிருந்தால் அது வெறும் முலாம். (நம் பக்கத்துப் பீரோக்களில் கல்யாணத்துக்குப் போட்ட "தங்க வாட்ச்" என்று பத்திரமாக இருப்பதில் பல எச்.எம்.டி. காஞ்சன். நல்ல வாட்ச்தான், ஆனால் தங்க நிறம் மட்டுமே.)

சேர்க்கும் ஆசையைத் தடுக்க மாட்டேன். ஆனால் முதல் ஒரு வருடம் தங்கத்தின் பக்கம் போகாமல் ஸ்டீல் கேஸ் வாட்சுகளாகப் பார்த்துப் பழகுங்கள். அசல் டயல் எது, மாற்றிப் போட்ட முள் எது என்று கண்ணுக்குப் பிடிபட்டால், தங்கம் வாங்கும்போது ஏமாறுவது குறையும்.

இப்போதைக்கு மெஷினை மட்டும் கழுவி எண்ணெய் விடச் சொல்லுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். மூடியைத் திறந்ததும் உள்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். முத்திரையைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.