இருட்டுப் படத்துக்கு இரண்டு விளக்கு வாங்கலாமா?

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் 10க்கு 12 அடி அறை. 50 மி.மீ. லென்ஸும் ஒரு ஃப்ளாஷும் இருக்கின்றன. முகத்தில் பாதி மட்டும் ஒளி, மற்றதெல்லாம் இருட்டு என்று படம் எடுக்க ஆசை. கறுப்புத் துணி கட்டியும் பின்னணி சாம்பலாக வருகிறது. கணினியில் இருட்டாக்கினால் பட்டை பட்டையாகத் தெரிகிறது. இரண்டு எல்.இ.டி. விளக்கு வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்காதீர்கள். வெள்ளைச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளிதான் துணியைச் சாம்பலாக்குகிறது. இன்னொரு விளக்கு வந்தால் தெறிப்பு கூடும்.

முதலில் துணியை மாற்றுங்கள். பேக்டிராப் (பின்னணித் திரை) என்று விற்கும் மலிவான நான்-வோவன் (நெய்யாத) துணி ஒளியைத் திருப்பி அனுப்பும். மங்கள்தாஸ் மார்க்கெட்டில் கறுப்பு வெல்வெட் கேளுங்கள். அதன் பஞ்சிழை ஒளியை விழுங்கும், சுருக்கமும் தெரியாது. அகலம் போதாமல் இரண்டு துண்டைத் தைத்தால் இழை படியும் திசை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் ஒரு பாதி வெளிறிவிடும். கடையிலேயே தடவிப் பார்த்து, சாக்பீஸால் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஃப்ளாஷில் மாட்ட, கிரிட்டோடு (ஒளி பக்கவாட்டில் சிதறாமல் தடுக்கும் கட்டவலை) வரும் 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் துணிக்கூடு). கிரிட் இல்லாதது இவ்வளவு சின்ன அறைக்கு ஆகவே ஆகாது. அதை முகத்துக்கு 2 அடியில், பக்கவாட்டில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். விளக்கிலிருந்து துணி 8 அடி தள்ளி இருக்கட்டும். தூரம் 4 மடங்கானால் ஒளி ஏறத்தாழ 16-ல் ஒரு பங்காகிவிடும். அதாவது 4 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). தெறிக்கும் ஒளி படாமலிருக்க, நிழல் விழும் கன்னத்துக்கு அருகில், கறுப்பு சார்ட் ஒட்டிய தெர்மாகோல் பலகையை நிறுத்துங்கள்.

கேமராவை மேனுவலில் வைத்து, ஷட்டர் 1/160 நொடி, லென்ஸ் துளை எஃப் 8, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 100. ஃப்ளாஷை அணைத்து ஒரு படம் எடுத்தால் முழுக் கறுப்பாக வர வேண்டும். வராவிட்டால் ஜன்னலை மூடாமல் மேலே போகாதீர்கள்.

பட்டை விழுவது, கேமரா சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பால். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். இருட்டுப் பகுதிக்குக் கிடைப்பவை அதிலும் கொஞ்சம். ரா-வில் (கேமரா பதிவு செய்யும் மூலக் கோப்பு) எடுத்து, டார்க்டேபிள் மென்பொருளில் திறந்து, கிம்ப் மென்பொருளில் 16 பிட்டில் திருத்துங்கள்; இரண்டும் இலவசம். கடைசியாக மெல்லிய நாய்ஸ் (புள்ளி இரைச்சல்) சேர்த்தால் மிச்சப் பட்டையும் மறையும்.

ஃப்ளாஷைத் தள்ளி வைக்க, கேமராவிலிருந்து அதை இயக்கும் ட்ரிக்கர் வேண்டும். கேமராக் கடைகள் உள்ள போரா பஜார் போகும்போது கேமராவையும் ஃப்ளாஷையும் கொண்டுபோய், மாட்டி அடித்துப் பார்த்தே வாங்குங்கள்; கேமரா பிராண்டுக்கு ஏற்ப ட்ரிக்கர் மாறும். ஜி.எஸ்.டி. பில்லை விடாதீர்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அதில் அச்சிட்டிருந்தாலும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு குறிக்காவிட்டால் 30 நாள் உண்டு. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.