வெள்ளைக் கவுனில் பபிள்கம்: ஐஸ் முதலில், எண்ணெய் பிறகு

கேள்வி: தரம் 7இல் படிக்கும் என் மகள் பஸ் சீட்டில் யாரோ ஒட்டிவிட்டுப்போன பபிள்கம் மேல் உட்கார்ந்துவிட்டாள். கவுனைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தேன். போவதற்குப் பதிலாக உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. மண்ணெண்ணெய் தடவு என்கிறார் மாமியார். அயன் பண்ணினால் போகும் என்கிறார் பக்கத்துக் காம்பரா அக்கா. எங்கள் வீட்டில் பிரிஜ் இல்லை. மகனின் கம்பளிச் சுவெட்டரிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?
- ஒரு தாய், தலவாக்கலை

பதில்: அன்பின் சகோதரி, கவுனை ஒதுக்கிவிடாதீர்கள், காப்பாற்றிவிடலாம். பசை முழுவதும் போகும்வரை சுடுதண்ணீர் மட்டும் வேண்டாம்.

பபிள்கத்தில் இருக்கும் சீனி மெல்லும்போதே எச்சிலில் கரைந்துவிடும். மிஞ்சுவது இறப்பர் போன்ற பசை. எத்தனை நாள் ஊறினாலும் அது தண்ணீரில் கரையாது. வாய்ச்சூட்டுக்கே இளகும்படி செய்த சாமான் என்பதால், சுடுதண்ணீர் பட்டதும் மேலும் இளகி நூலுக்குள் இறங்கியிருக்கிறது. குளிரில் நேர்மாறு: விறைத்துப்போய் உடையும்.

உங்கள் ஊர்க் குளிர் போதுமா என்றால், போதாது. மார்கழி விடியலில் கொடியில் போட்டுவைத்தாலும் பசை கொஞ்சம் இறுகுமே தவிர உடையாது. ஐஸ்தான் வேண்டும். டவுனில் மீன் கடைக்காரரிடம் கேட்டால் ஒரு துண்டு தருவார். அதைக் கிழிசல் இல்லாத ஷொப்பிங் பையில் போட்டுக் கட்டி, பசையின் மேல் ஒரு பதினைந்து, இருபது நிமிடம் அழுத்தி வையுங்கள். பிறகு கத்தியின் முதுகுப்பக்கத்தால் ஓரத்திலிருந்து நடுப்பக்கமாகச் சுரண்டுங்கள். நடுவிலிருந்து வெளியே இழுத்தால் இன்னும் பரவும். பசை சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரவேண்டும். கம்பிபோல் இழுபட்டால் நிறுத்திவிட்டு மறுபடி ஐஸ் வையுங்கள். இதில் அவசரப்பட்டால் துணிதான் கிழியும்.

தடிப்பாக இருப்பதை ஐஸ் எடுத்துவிடும். நூலுக்குள் இறங்கியதை எடுக்க எண்ணெய் வேண்டும். தண்ணீருக்கு அசையாத பசை எண்ணெய்க்கு இளகிவிடும். வீட்டிலுள்ள தேங்காய் எண்ணெயே போதும். உங்கள் பக்கம் காலையில் அது போத்தலுக்குள் வெள்ளையாய் உறைந்திருக்கும். போத்தலைச் சற்று நேரம் சுடுதண்ணீரில் நிறுத்திவைத்து உருக்குங்கள். சுடுதண்ணீர் போத்தலுக்கு, கவுனுக்கு அல்ல! எண்ணெயைப் பசை உள்ள இடத்தில் மட்டும் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். பசை கொழகொழவென்று ஆனதும் கரண்டி விளிம்பால் வழித்து, பழைய துணியால் ஒற்றி எடுங்கள். துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் எடுத்ததையே திரும்ப அப்புவீர்கள்.

அடுத்தது எண்ணெய்க்கறை. தண்ணீர் படுவதற்கு முன்பே பாத்திரம் கழுவும் திரவத்தை அதன்மேல் ஊற்றித் தேய்த்து, அதன்பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் சவர்க்காரம் போட்டுத் துவையுங்கள். காய்ந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். எண்ணெய்த் திட்டுத் தெரிந்தால் இன்னொரு முறை துவையுங்கள். திட்டுப் போகாமல் அயன் பெட்டி வைத்தால் கறை அங்கேயே தங்கிவிடும்.

ரோஸ் சாயல் கொஞ்சம் மிஞ்சினால் சவர்க்காரத் தண்ணீரில் ஓர் இரவு ஊறட்டும். பபிள்கத்துக்கு அந்த நிறம் வந்ததே தற்செயல். 1928இல் பிலடெல்பியாவில் அதை உருவாக்கிய வோல்டர் டீமரிடம் அப்போது கைவசம் இருந்தது அந்தச் சாயம்தானாம்.

மாமியார் சொல்வதும் தவறில்லை, மண்ணெண்ணெய் பசையை இளக்கும். ஆனால் மழைநாளில் அந்த நாற்றம் லேசில் போகாது, பிள்ளையின் தோலும் எரியும். அடுப்புக்கும் துவைக்கிற இடத்துக்கும் தூரமில்லாத காம்பராவில் அந்த வேலையே வேண்டாம். அட்டையை வைத்து அயன் பண்ணினால் பசை அட்டையில் ஒட்டி வரும் என்பதும் உண்மைதான். ஏற்கெனவே சூடுபட்டுப் பரவிய உங்கள் கவுனுக்கு அது ஆகாது. வெள்ளைத் துணிதானே என்று பிளீச் ஊற்றவும் வேண்டாம். அது நிறத்தைத்தான் எடுக்கும், பசையை அல்ல.

சுவெட்டருக்கு ஐஸே போதும். பசை விறைத்ததும் கத்தி போடாமல் விரல் நகத்தால் மெல்லக் கிள்ளி எடுங்கள். மிச்சம் இருந்தால் ஒரு சொட்டு எண்ணெய். பிறகு பச்சைத் தண்ணீரில் முறுக்காமல் அலசிப் பாயில் விரித்துக் காயப்போடுங்கள். கம்பளியைச் சூட்டில் தேய்த்தால் சுருங்கி, அடுத்த தம்பிக்குத்தான் அளவாக இருக்கும்.