ஒரு நட்சத்திரமும் ஓதம் ஏறிய சுவரும்

அன்புள்ள ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். கல்லூரி நாட்களில் புதுச்சேரி போகும்போதெல்லாம் ஒயிட் டவுனில் ஒரு மஞ்சள் மாளிகையை வெளியே நின்று பார்த்துவிட்டு வருவேன். பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம், இப்போது ஹோட்டல். பணி ஓய்வுக்குப் பிறகு, சென்ற நவம்பர் கடைசியில், திருமண நாளை ஒட்டி மனைவியோடு அங்கே ஓர் இரவு தங்கினேன். கொடுத்தது கீழ்த்தளத்து அறை. நுழைந்ததுமே ஈர வாடை. கட்டிலுக்குப் பின்னால் இடுப்புயரத்துக்கு பெயின்ட் கொப்பளித்து, தரையில் வெள்ளைப் பொடி கொட்டிக் கிடந்தது. வைஃபை எடுக்கவில்லை, காப்பி ஆறிப்போய் வந்தது. கேட்டால் "ஹெரிடேஜ் பில்டிங் சார்" என்கிறார்கள். மனைவிக்கு என்னவோ அந்த உயர்ந்த கூரையும் முற்றமும் பிடித்துவிட்டது. எனக்கு இத்தனை வருட ஆசை வீணானதுபோல இருக்கிறது. நான் ஏமாந்துவிட்டேனா? இணையத்தில் ஒரு நட்சத்திரம் போடலாமா?

பி.கு.: கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுனில்) உள்ள எங்கள் தாத்தா வீட்டை விடுதியாக்கலாம் என்கிறான் மகன். பழைய சுண்ணாம்பைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, பாதிச் சுவர் வரை டைல்ஸ் ஒட்டி, இந்தத் தொல்லையே இல்லாமல் செய்துவிடப் போகிறோம்.

கே.

அன்புள்ள கே.,

திருமண நாளன்று வைஃபை தேடியவருக்கு என்னிடம் ஆறுதல் இல்லை. காப்பியைத் திருப்பி அனுப்பிச் சூடாகக் கேட்டிருக்கலாம். ஆனால் இளமை முழுக்க வெளியிலிருந்து பார்த்த வீட்டுக்குள் ஒருவழியாகக் கால்வைத்து, முதலில் மூக்கில் ஏறியது ஈர வாடை என்றால் மனசு விட்டுப்போகத்தான் செய்யும். அந்த வருத்தம் நியாயமானது.

பின்குறிப்பு மட்டும் இல்லாவிட்டால் இதோடு முடித்திருப்பேன். பழைய வீடுகளுக்கு சிமெண்ட் பூசுவதைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அந்த ஹோட்டல் தன் சுவருக்கு என்ன செய்ததோ, அதையே இருமடங்காக உங்கள் தாத்தா வீட்டுக்குச் செய்யப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் பெருமையாக!

நீங்கள் பார்த்தது என்ன? செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்தக் காலத்து அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. ஏறும் ஈரம் பொதுவாக மூன்றடி உயரத்துக்குள் சுண்ணாம்புப் பூச்சின் வழியாகக் காற்றில் போய்விடும். அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் வழி அடைபடுகிறது. உள்ளே நிற்கும் நீர் பெயின்ட்டைத் தள்ளுகிறது, அதுதான் கொப்புளம். நீரோடு வந்த உப்பு, நீர் காயும் இடத்தில் படிகமாகி விரிகிறது, அதுதான் வெள்ளைப் பொடி. கடலோர ஊரில் உப்புக்குக் குறைவா?

சிமெண்ட் பூசினால் உப்புப் பூக்காதே என்பீர்கள். இரண்டு மழைக்காலம் பூக்காது. பிறகு ஈரம் சிமெண்ட் முடியும் இடத்துக்கு மேலே ஏறிப் பூக்கும். மூன்றடியில் நின்றது ஐந்தடிக்குப் போகும். உள்ளே இருக்கும் பழைய செங்கல்லோ சிமெண்ட்டைவிட மெத்தென்றது. வெளியேற முடியாத உப்பு செங்கல்லை மாவாக்கும். தட்டிப் பார்த்தால் பொள்ளலாக ஒலிக்கும். ஒருநாள் பூச்சு பலகைபலகையாக விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். டைல்ஸ் ஒட்டினால் அடைப்பு இன்னும் இறுகும், அவ்வளவுதான்.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன், மகனிடம் படித்துக் காட்டுங்கள். முதலில் வாசலைப் பாருங்கள். சாலை மேல் சாலை போட்டு, தெரு உங்கள் வீட்டுத் தரையைவிட உயர்ந்திருக்கும். மழைநீர் சுவரடியில் தேங்கினால் எந்தப் பூச்சும் நிற்காது. வடிகால் கட்டிய பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிடவேண்டும்.

அடுத்து, ஈரம் தெரியும் கோட்டுக்கு ஓர் அடி மேல்வரை பூச்சை எடுத்துவிட்டு, செங்கல் இணைப்புகளை முக்கால் அங்குலம் சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளி வெளியே கொட்டவேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். பிறகு காயவிடுங்கள். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுக்கணக்கு. ஒன்றரை அடிச் சுவர் எப்போது காயும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் சிமெண்ட் கடைக்கு ஓடுகிறார்கள்.

சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் தண்ணீருக்கடியில் குறைந்தது மூன்று வாரம் ஊறப்போடுங்கள். நீறாத கட்டி ஒன்று பூச்சில் தங்கினால் பின்னால் பொரிந்து குழி விழும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு அலசிய ஆற்று மணல். கடற்கரை மணல் பக்கமே போகாதீர்கள், உப்பைக் காசு கொடுத்து வாங்கினதாகும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை அளவோடு சேர்ப்பது வழக்கம். சுவரை நனைத்துவிட்டு, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மிகாமல் பூசி, ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் காயாமல் காக்கவேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமிலவாயுவை வாங்கித்தான் இறுகும். அதற்கு ஈரமும் நாளும் வேண்டும். சித்திரை வெயிலில் பூசினால் வெடிக்கும், ஐப்பசி மழையில் பூசினால் இறுகாது. தை, மாசி, பங்குனிதான் நம் ஊருக்குச் சரி. கடைசியில் வெள்ளை, பால் பதத்தில், நான்கைந்து கை. ஒவ்வொரு கைக்கும் ஒருநாள் இடைவெளி. கெட்டியாக ஒரே கையில் அடித்தால் உரியும்.

கூரை மெட்ராஸ் டெரஸாகத்தான் இருக்கும்: மர உத்தரம், அதன் மேல் குறுக்குச் சாய்வாக நிறுத்திய அச்சுக்கல் என்னும் சிறு செங்கல், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியால் நாள்கணக்காக அடித்த தளம், மேலே தட்டையான ஓடு, அதாவது தட்டோடு. ஒழுகுகிறது என்று யாராவது மூன்று அங்குலம் கான்கிரீட் போடச் சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சதுர அடிக்கு ஏறத்தாழ 17 கிலோ. பதினைந்துக்குப் பன்னிரண்டு அறையின் தலையில் மூன்று டன் கூடுதலாக ஏறும். அந்த உத்தரம் அதற்காக வைத்ததில்லை. உடைந்த தட்டோட்டை மட்டும் மாற்றி, இணைப்புகளைச் சுண்ணாம்பால் அடைத்து, மழைநீர் வெளியேறும் நீர்வாயைத் துப்புரவாக வைத்தாலே பெரும்பாலான ஒழுக்கு நிற்கும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுக்கவேண்டும். தழையை மட்டும் கிள்ளினால் வேர் பருத்துச் சுவரைப் பிளக்கும்.

உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மரம் உளுக்கத் தொடங்குவது அங்கேதான். ஃபால்ஸ் சீலிங் போட்டு அதை மறைத்துவிட்டால் இடிந்து விழும்போதுதான் தெரியும். 2014 நவம்பர் 29 அன்று புதுச்சேரி கடற்கரைச் சாலையின் மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மன்றம்) மழையில் சரிந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். கவனிப்பாரற்றுக் கிடந்த கட்டடத்துக்கு அடைமழை ஒரு சாக்கு.

ஹோட்டலுக்கு வருகிறேன். அறையின் உயரம், எதிரெதிர் சன்னல்கள், முற்றம் எல்லாமே காற்றோட்டத்துக்காகக் கட்டியவை. சன்னலை அடைத்து ஏசி ஓடவிட்டால் சுவர் குளிர்கிறது. பிறகு கதவைத் திறந்ததும் கடற்காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த சுவரில் படிகிறது. பாதி வாடை அதனால் வந்திருக்கும். "ஹெரிடேஜ் பில்டிங் சார்" என்று சொன்னவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. பெயின்ட் கம்பெனி டப்பாவைப் பார்த்து வாங்கியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏமாந்தீர்களா என்றால், நவம்பரில் கீழ்த்தளத்து அறையை எடுத்ததுதான் பிழை. வடகிழக்குப் பருவமழை நடுவில் எந்தப் பழைய சுவரும் தன் மோசமான முகத்தைத்தான் காட்டும். பிப்ரவரியில் போங்கள். பதிவு செய்யும்போதே மாடியில், முற்றத்தைப் பார்த்த அறை என்று கேளுங்கள். மனைவியையும் கட்டாயம் அழைத்துப்போங்கள். உங்கள் இரண்டு பேரில் கட்டடத்தைப் பார்த்தவர் அவர்தான்.

நட்சத்திரம் மூன்று போடுங்கள். ஒன்றை எமல்ஷனுக்கும் இன்னொன்றை அடைத்த சன்னலுக்கும் பிடித்துக்கொள்ளலாம். காரணத்தையும் எழுதுங்கள், முதலாளி படிப்பார். சிமெண்ட் மூட்டை ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டதென்றால் காம்பவுண்டுச் சுவருக்குப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.