தனியொரு பெண்ணாகப் பப்ளிசிட்டி கோச்சிங் தொழிலைக் கட்டியெழுப்புவது எப்படி?

மக்கள் தொடர்பு நிறுவனத்தில் பணியாற்றிய அனுபவத்தைக் கொண்டு, சென்னையில் தனியாகப் பப்ளிசிட்டி கோச்சிங் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடங்கலாம், ஆனால் நீங்கள் விற்பது எது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். மக்கள் தொடர்பு நிறுவனம் வாடிக்கையாளருக்காகத் தானே செய்தியாளர்களை அணுகி மாதக் கட்டணம் பெறுகிறது. பயிற்சியாளரோ, வாடிக்கையாளருடைய தொழிலில் செய்தியாகும் தகுதியுடையது எது, அதை எந்தச் செய்தியாளருக்கு எப்படிச் சுருக்கமாக எழுதுவது, கேமரா முன் எவ்வாறு பேசுவது என்பவற்றை அவருக்கே கற்றுத் தருகிறார். பத்துப் பேருக்காகச் செய்தியாளர்களைத் துரத்துவது தனி ஆளால் ஆகாது, பத்துப் பேருக்குக் குழுவாகக் கற்பிப்பது ஆகும் என்பதால், இந்த வேறுபாட்டில்தான் உங்கள் வருமானமே அடங்கியிருக்கிறது.

யாருக்குக் கற்பிப்பது? செய்திகளில் இடம்பெறுவோரிலும் கருத்துச் சொல்வோரிலும் பெண்கள் 25 விழுக்காடுதான் என உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டத்தின் 2020-ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. ஆகவே பெண் மருத்துவர்கள், பட்டயக் கணக்காளர்கள் என ஒரே பிரிவை எடுத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

நாளிதழில் நிச்சயம் வரும் என்று மட்டும் வாக்களிக்காதீர்கள். வெளியிடுவது ஆசிரியர் குழுவின் முடிவு. ஒப்பந்தத்தில் அமர்வுகளின் எண்ணிக்கையையும் நீங்கள் திருத்தித் தரும் வரைவுகளையும் குறிப்பிட்டு, பாதிக் கட்டணத்தையாவது முன்பணமாகப் பெறுங்கள். (தெரிந்தவர்களிடம் இதைக் கேட்பதுதான் கடினம், அவர்களிடமும் கேளுங்கள்.)

குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.