அறிவொளிச் சிந்தனை ஆங்கிலேயச் சமூகத்தையும் இலக்கியத்தையும் எப்படி மாற்றியது?

கேட்டவர் அநேகமாக ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவராக இருப்பீர்கள். கைடில் 'பகுத்தறிவின் யுகம்' என்று தலைப்புப் போட்டு லாக், நியூட்டன், போப் என்று அடுக்கியிருப்பார்கள். அதை எழுதினால் மார்க் வரும், எழுதுங்கள். பகுத்தறிவையும் அனுபவத்தையும் நம்பிய அந்தப் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுக் காலம் எனக்கு வேறு வழியாகப் புரிந்தது.

பன்னிரண்டாவது வரை நான் தமிழ் வழி. எம்.ஏ. முதல் வருடம் என் கட்டுரையை வகுப்பில் உரக்கப் படித்த பேராசிரியர், "இது கடைக்காரன் இங்கிலீஷ்" என்றார். என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் 'ராபின்சன் குரூசோ' படித்தேன். 1719-ல் வந்த நாவல். தீவில் ஒதுங்கிய குரூசோ, மனசு விட்டுப்போகாமல் இருக்க ஒரு கணக்கு எழுதுகிறான். கெட்டது ஒரு பக்கம், நல்லது எதிர்ப்பக்கம். உடுத்தத் துணியில்லை என்று இந்தப் பக்கம். வெயில் பூமி, துணி இருந்தாலும் போட முடியாது என்று அந்தப் பக்கம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது என் அப்பாவின் பற்று வரவு நோட்டு. ராத்திரி கடையை அடைத்தபின் காதில் செருகிய பென்சிலை எடுத்துப் பக்கத்தின் நடுவில் அவர் போடும் அதே கோடு. எழுதிய டீஃபோவும் காலுறை வியாபாரம் பார்த்து, 1692-ல் திவாலானவர்தான்.

இப்படிக் கடைக்காரர் பேச்சில் எளிமையாக எழுதும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 1660-ல் லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கம் தொடங்கியது. 1667-ல் அதன் வரலாற்றை எழுதிய தாமஸ் ஸ்ப்ராட், பண்டிதர் பேச்சைவிடக் கைத்தொழிலாளர், கிராமத்தார், வியாபாரிகள் பேச்சையே தங்கள் உறுப்பினர்கள் விரும்புவதாகச் சொல்கிறார். வியாபாரிகள்! அந்த வரியை நான்கு தடவை படித்தேன். அடுத்தவர் செய்த சோதனையைப் படித்துத் தானும் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் சொல் அலங்காரம் குறுக்கே நிற்கக் கூடாதே. அப்புறம் தத்துவவாதி லாக் வந்து அறிவு அனுபவத்திலிருந்து வருகிறது என்றார். அனுபவம் எல்லோருக்கும் உண்டு, அதனால் சாதாரண மனிதனின் கதையும் எழுதத் தகுந்ததாயிற்று. 1695-ல் அச்சுக்கு முன்அனுமதி கேட்கும் சட்டம் காலாவதியானது, பத்திரிகைகள் பெருகின. 1711-ல் 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகை நடத்திய அடிசன், தத்துவத்தை நூலகங்களிலிருந்து காபிக் கடைகளுக்கும் தேநீர் மேசைகளுக்கும் கொண்டுவருவதே தன் ஆசை என்று எழுதினார்.

அதே நூற்றாண்டில் ஆங்கில அகராதி தொகுத்த ஜான்சன் நடை எளிமையா என்று கேட்பீர்கள். இல்லைதான். டீஃபோவுக்கு முன்பே 'பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்' எழுதிய பன்யன் எளிமையாக எழுதினார், அதுவும் தெரியும். அறிவொளியை நான் தலையில் தூக்கிவைத்து ஆடவும் இல்லை. குரூசோவின் கப்பல் உடைந்ததே ஆப்பிரிக்காவுக்கு அடிமைகளைக் கொண்டுவரப் போகும் வழியில்தான். மனிதர்களையும் சரக்காக எழுதிய நோட்டு அது. அந்தக் கணக்குக் குரல் எவ்வளவு கொடூரமாகும் என்று 1729-ல் எழுத்தாளர் ஸ்விஃப்ட் காட்டினார்: அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளை இறைச்சியாக விற்றால் என்ன லாபம் என்று நிதானமாகக் கணக்குப் போடும் அங்கதம். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ப்ராட் பகுதி இருந்த தொகுப்பு நூல் எங்கள் கல்லூரி நூலகத்தில் பூட்டிய கண்ணாடி பீரோவுக்குள் இருந்தது. மாணவர்களுக்குத் தர மாட்டோம் என்றார்கள். மூன்று முறை எழுதிக் கொடுத்த பிறகு, பீரோ பக்கத்திலேயே நின்று படிக்க அனுமதித்தார்கள். பின்அட்டைத் தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. யாருக்காக வாங்கினார்கள் அந்தப் புத்தகத்தை? இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

தேர்வுக்கு இரண்டே நாள் இருந்தாலும் குரூசோவின் அந்தக் கணக்கு வரும் பக்கத்தை மட்டுமாவது மூலத்தில் படியுங்கள். இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. யாரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லை.