என் பையனுக்கு 14 வயசு, 6 அடி உயரம், ஸ்கூல் பாஸ்கெட்பால் டீம்ல பவர் ஃபார்வர்டு (ரிங்குக்குப் பக்கத்துல நின்னு ஆடுற பெரிய ஆளு), ஆனா ரிங்குக்கு கீழ ஆட வரமாட்டேங்குது. எப்படி வளர்த்துவிடுறது?

கேள்வியில நீங்க சொன்னது இதுதான். பையன் மதுரையில ஒன்பதாவது படிக்கிறான், பந்தை உள்ள குடுத்தா ஒண்ணு புடுங்கிட்டுப் போயிர்றாங்க, இல்லைன்னா அவனே வெளிய ஓடிவந்து தூரத்துல இருந்து ஷூட் பண்றான், "இவ்வளவு உயரத்தை வச்சுக்கிட்டு என்னடா பண்ற"ன்னு கோச் திட்டுறாரு, பையன் இப்ப பிராக்டிஸுக்கே போகமாட்டேங்குறான்.

இதைப் படிச்சதும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிருச்சு, ஏன்னா நானும் இதே மதுரையில இதே மாதிரி வளர்ந்தவன். கிளாஸ்லயே நான்தான் உயரம், அதனால டீம்ல சேர்த்தாங்க, சேர்ந்த முதல் நாள் "நீ ரிங்குக்கு கீழ போயி நில்லு"ன்னு சொன்னாங்க, அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் எனக்குச் சொல்லிக் குடுத்தது அந்த ஒரு வார்த்தைதான். குட்டையா இருக்குற பசங்களுக்கு டிரிப்ளிங் (பந்தைத் தரையில தட்டிக்கிட்டே போறது), பாஸிங், கோன் வச்சு ஓட்டம்னு எல்லாம் நடக்கும், உயரமானவனுக்கு மட்டும் "நில்லு". ஒரு மேட்ச்ல என்னைவிட நாலு இன்ச் கம்மியான ஒரு பையன் அவன் இடுப்பை என் தொடையில வச்சு அழுத்தி நின்னான், என்னால குதிக்கவே முடியல, விழுந்த பந்தையெல்லாம் அவன்தான் எடுத்தான், எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல. இப்ப 11 வருஷமா காலையில ஒரு சிமென்ட் கோர்ட்ல பசங்களுக்குச் சொல்லிக் குடுக்குறேன், காசு எதுவும் வாங்குறதில்லை. உயரமான பையன் எவன் வந்தாலும் அவன்கூடத்தான் முதல்ல உக்காருவேன், அந்தக் கடன் எனக்கு இருக்கு.

உங்க பையனுக்கு மூவ் தெரியலைங்கிறதை இப்பத்தைக்கு விட்ருங்க. பந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடி அவன் கால் எங்க இருக்கு, இடுப்பு எவ்வளவு கீழ இருக்குங்கிறதைத்தான் முதல்ல பார்க்கணும். யூடியூப்ல ஹக்கீம் ஒலாஜுவோன்னு ஒரு பழைய பெரிய பிளேயர் தோளை அங்குட்டு ஆட்டி இங்குட்டுத் திரும்புறதைப் பாத்துட்டு பசங்க நேரா அதையே பண்ணப் பாக்குறாங்க, ஆனா அந்த மனுஷன் நைஜீரியாவுல பதினஞ்சு வயசு வாக்குல வரைக்கும் ஃபுட்பாலும் ஹேண்ட்பாலும் ஆடிட்டுத்தான் பாஸ்கெட்பாலுக்கே வந்தாரு, கால் அங்கயே பழகிருச்சு, தோளு அப்புறமாத்தான். உங்க பையன் சிலம்பம் எதுவும் கத்திருந்தா ரொம்ப நல்லது, காலடி போட்டவனுக்கு பிவட், அதாவது ஒரு காலை எடம் மாத்தாம ஊனி வச்சுக்கிட்டு இன்னொரு காலால திரும்புறது, சொல்லிக் குடுக்குறது பாதி வேலைதான்.

இடுப்பைத் தாழ்த்தி உக்காந்த மாதிரி நிக்கிறதுன்னா என்னன்னு எனக்கே ஒரு பையன்தான் காட்டிக் குடுத்தான். உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து வந்தவன், 5 அடி 9தான் இருப்பான், கபடி ஆடுனவன், பாஸ்கெட்பால் பந்தையே அதுவரைக்கும் ஒழுங்காப் புடிச்சதில்லை. சும்மா ஒரு சோதனைக்கு 6 அடி 2 இருக்குற பையனை அவன் பின்னாடி விட்டு, "ரிங்கைத் தொட விடாம நிறுத்துடா"ன்னேன். கபடியில ரைடர் வர்றப்ப நிப்பாங்கல்ல, காலை அகட்டி, முட்டியை மடக்கி, முதுகு நேரா, கை ரெண்டும் முன்னாடி, அப்படியே நின்னான், உயரமான பையன் தள்ளுறான் தள்ளுறான் அசையவே இல்லை. யாரு இடுப்பு கீழ இருக்கோ இடம் அவனுக்குத்தான். அன்னைல இருந்து போஸ்ட் பிளேயர், அதாவது ரிங்குக்குக் கீழ ஆடுறவங்க எல்லாருக்கும் பந்தே இல்லாம பத்து நிமிஷம் இதுதான், ரெண்டு ரெண்டு பேரா, ஒருத்தன் முதுகுல ஒருத்தன், நம்மளைத் தடுக்குற டிஃபெண்டரோட முன்காலுக்கு அங்கிட்டு நம்ம காலைத் தூக்கிப்போட்டு அவனை நம்ம முதுகுக்குப் பின்னாடி அடைச்சு வைக்கணும், கையால கொக்கி போடக்கூடாது, அது ஃபவுல். ஒரு கையை விரிச்சு பாஸ் எங்க வேணும்னு கார்டுக்கு (வெளிய இருந்து பந்தைக் கொண்டு வந்து குடுக்குற பையனுக்கு) காட்டணும்.

எங்க நிக்கணும்ங்கிறதுல நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கு. ரிங்குக்கு முன்னாடி இருக்குற அந்த மூணு செகண்டு கட்டம் (நம்ம டீம் பந்து வச்சிருக்குறப்ப அதுக்குள்ள மூணு செகண்டுக்கு மேல நிக்கக்கூடாது), முந்தியெல்லாம் ரிங்குக்குப் பின்னாடி இருக்குற பேஸ்லைன் கோட்டுல 6 மீட்டர் அகலமும் எதிர்முனையில 3.6 மீட்டருமா சரிவா இருந்துச்சு, 2010ல உலக பாஸ்கெட்பால் சங்கமான ஃபீபா அதை 4.9 மீட்டர் அகலத்துல நேர் செவ்வகமா மாத்திட்டாங்க. ஆனா இன்னும் சில பழைய சிமென்ட் கோர்ட்ல அந்தச் சரிவுக் கோடுதான் கிடக்கு, அதுல பழகுற பையன் பேஸ்லைன் பக்கம் ஒவ்வொரு சைடுலயும் அரை மீட்டருக்கு மேல தள்ளி நின்னே பழகிருவான். டோர்னமென்ட்ல புதுக் கோடு இருக்குற கோர்ட்ல ஆடுறப்பயும் கால் அதே தூரத்துலதான் போயி நிக்கும், அங்க இருந்து ஒரு டிரிப்ளிங் போட்டாலும் ரிங் எட்டாது. டேப்பை எடுத்துட்டுப் போயி ரிங்குக்கு நேர் கீழ இருந்து ரெண்டு பக்கமும் 2.45 மீட்டர் அளந்து சாக்பீஸ்ல கோடு போட்டுக் குடுங்க, ஒரு வேலை முடிஞ்சது. கோடும் கட்டத்தைச் சேர்ந்ததுதான், மிதிச்சா உள்ள நிக்கிறதாத்தான் கணக்கு, அதனால கால் கோட்டுக்கு வெளிய ஒட்டி இருக்கணும். நிறைய பசங்களுக்கு மூணு செகண்டு விசில் இதனாலதான் வருது.

அடுத்து பந்தைப் புடிக்கிறது. ரெண்டு காலும் ஒரே நேரத்துல தரையில படுற மாதிரி சின்னதா ஒரு துள்ளு துள்ளிப் புடிக்கச் சொல்லுங்க, அப்பத்தான் எந்தக் காலை வேணாலும் பிவட்டா வச்சுக்கலாம். புடிச்ச உடனே பந்து தாடைக்குக் கீழ, முழங்கை ரெண்டும் வெளிய. நீங்க "புடுங்கிட்டுப் போயிர்றாங்க"ன்னு எழுதிருக்கீங்கள்ல, நான் பாக்காமலே சொல்றேன், பையன் பந்தைப் புடிச்சதும் இடுப்புக்குக் கீழ எறக்குறான், அங்கதான குட்டைப் பசங்க கை எல்லாம் இருக்கு. புடிச்சு ஒரு மூச்சு விட்டு தோளுக்கு மேல திரும்பிப் பாத்து டிஃபெண்டர் எந்தப் பக்கம் சாஞ்சு நிக்கிறான்னு தெரிஞ்சுக்கிட்ட பிறகுதான் அடுத்த வேலை, வெரசாப் பண்ணணும்னு யாரும் அவனை விரட்டக்கூடாது.

இப்பத்தான் டிராப் ஸ்டெப். டிஃபெண்டர் நடுப்பக்கம் சாஞ்சிருந்தா பேஸ்லைன் பக்கத்துக் காலை அவனுக்குப் பின்னாடி ஆழமாப் போட்டு, ரெண்டு கையாலயும் ஒரே ஒரு தட்டு தட்டி, ரெண்டு காலாலயும் எம்பி முடிக்கிறது. சொல்றது லேசு. நான் என்ன பண்ணுவேன்னா காலையில கோர்ட்டுக்கு ஒரு பக்கெட் தண்ணி கொண்டு போவேன், பையன் வெறுங்காலை நனைச்சுட்டு பைய ஒரு டிராப் ஸ்டெப் போடணும், போட்டுட்டுத் தள்ளி நின்னு ரெண்டு பேரும் தடத்தைக் குனிஞ்சு பாப்போம். பிவட் கால் தடம் ஒரே எடத்துல வட்டமாத் தேய்ஞ்ச மாதிரி இருக்கணும், தனித்தனியா ரெண்டு பாதம் தெரிஞ்சா அது டிராவல், அதாவது ஊனுன கால் நகர்ந்த தப்பு, ரெஃப்ரி விசில் அடிக்கிறதுக்கு முன்னாடி சிமென்ட்டே சொல்லிரும். போட்ட காலோட கட்டை விரல் ரிங்கைப் பாக்கணும், ஆனா ஆரம்பத்துல எல்லாருக்கும் அது பேஸ்லைனைப் பாத்துக்கிட்டு இருக்கும், அப்படிப் போட்டா எம்புனா போர்டுக்குப் பின்னாடிதான் போயி நிப்பான். ஒரு பையன் மூணு வாரம் என்னை நம்பல, "நான் நேராத்தான் போடுறேன்ணே"ன்னே சொல்லிக்கிட்டு இருந்தான், ஒருநாள் அவன் தடத்தை அவனே உக்காந்து விரலால தொட்டுப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம எந்திரிச்சு திரும்பப் போட்டான், அந்தத் தடவை விரல் ரிங்கைப் பாத்துச்சு. சித்திரை வெயில்ல எட்டு மணிக்கு மேல போனீங்கன்னா தடம் நீங்க குனியுறதுக்குள்ள காஞ்சிரும், ஆறு மணிக்கே போயிருங்க. ஈரக்கால்ல வேகமா ஆட விடாதீங்க, வழுக்கும், நடந்து காட்டுறதுக்கு மட்டும்தான் இது.

பந்தை முடிக்கிறதுக்கு மிக்கன் டிரில் ஒண்ணு போதும். ரிங்குக்குக் கீழ நின்னு வலது பக்கம் வலது கை, வலையில இருந்து விழுற பந்தைத் தரையில விடாம தாடைக்குக் கீழயும் எறக்காம புடிச்சு, ஒரு அடி வச்சு இடது பக்கம் இடது கை, இப்படியே மாத்தி மாத்தி. ஜார்ஜ் மிக்கன்னு 6 அடி 10 இன்ச் ஆளு, அவரை நிறுத்த முடியலைன்னு 1951ல அமெரிக்காவோட என்பிஏ லீக் அந்த மூணு செகண்டு கட்டத்தோட அகலத்தை 6 அடியில இருந்து 12 அடியாக்குனாங்க, அந்த ஆளே காலேஜ்ல இந்தச் சின்ன பயிற்சியைத்தான் தினம் தினம் பண்ணுனாரு. இடது கை முக்கியம். நம்ம பசங்க இடது கையைத் தொடவே மாட்டாங்க, வலது கை மட்டும் இருக்குறவனை ரெண்டாவது குவார்ட்டர்ல எதிர் டீம் கண்டுபிடிச்சிரும், அதுக்கப்புறம் கதவு சாத்திரும். போர்டுல இருக்குற சின்னக் கட்டத்தோட மேல் மூலையைப் பாத்து அடிக்கச் சொல்லுங்க. அந்தக் கட்டம் 59க்கு 45 சென்டிமீட்டர், லோக்கல் போர்டுல அழிஞ்சுபோயிருந்தா நீங்களே அளந்து பெயின்ட் அடிச்சு விட்ருங்க. டிம் டன்கன் என்பிஏல அஞ்சு சாம்பியன்ஷிப் ஜெயிச்சவரு, அவரு பேர் சொன்னாலே ஞாபகம் வர்றது சைடுல இருந்து போர்டுல பட்டு விழுற அந்த ஷாட்தான், 14 வயசுலயே பழகலாம்.

அப்புறம் ஒரு ஜம்ப் ஹூக் (பக்கவாட்டுல நின்னு எம்பி ஒரு கையால தலைக்கு மேல போடுற ஷாட்), அதை டிஃபெண்டர் தடுக்க எம்புனா அடியில புகுந்து போறது ஒண்ணு. கெவின் மெக்ஹேல் என்பிஏல பாஸ்டன் டீம்ல அப்படித்தான் ஆளுங்களை எம்ப வச்சு எம்ப வச்சு அடியில போயிக்கிட்டே இருந்தாரு. ஒரு மூவ், அதுக்கு ஒரு மாத்து, இந்த வருஷத்துக்கு இது போதும்.

இதெல்லாம் பழகுற வரைக்கும் மேட்ச்ல எப்படிப் பாயிண்ட் எடுக்குறதுன்னு கேட்டா, ஃப்ரெண்ட்ஸ் மிஸ் பண்ற ஷாட்ல. ஸ்கூல் லெவல்ல மிஸ் ஆகுற பந்து எக்கச்சக்கம், கார்னர்ல இருந்து போன ஷாட் மிஸ் ஆனா பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் விழும், ஷாட் கையை விட்டுக் கிளம்புறப்பவே இவன் அங்க நகர்ந்து ஒரு ஆளை முதுகுல அடைச்சிருந்தா போதும். 6 அடி 7 இன்ச்தான் டென்னிஸ் ராட்மன், 1992ல இருந்து 1998 வரைக்கும் வரிசையா ஏழு சீசன் என்பிஏல ரீபவுண்டுல (மிஸ் ஆன பந்தைப் புடிக்கிறதுல) முதலிடம், கூட ஆடுறவங்க பந்து எப்படிச் சுத்திக்கிட்டு போகுது, எங்க விழுதுன்னு பிராக்டிஸ்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பாராம். உங்க பையனுக்கும் இதுதான் வீட்டுப்பாடம், பக்கத்துல யாராச்சும் ஷூட் பண்ணிக்கிட்டு இருந்தா சும்மா நின்னு பந்து எங்கிட்டு விழும்னு முன்கூட்டியே சொல்லிப் பாக்கட்டும்.

உடம்பைப் பத்தி ஒண்ணு கண்டிப்பாச் சொல்லணும். இந்த வயசுல வேகமா வளர்ற பசங்களுக்கு முட்டிச் சிப்பிக்குக் கீழ இருக்குற மேட்டுல வலி வரும், சிமென்ட்ல குதிக்கக் குதிக்க அதிகமாகும், "ஆம்பளப் பையன் தாங்கிக்கோ"ன்னு சொல்லாதீங்க, டாக்டர்கிட்ட காட்டி அவரு சொல்ற மாதிரி குதிக்கிறதைக் குறைங்க. வெயிட்டு தூக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை, தண்டால், பஸ்கி, ஸ்கிப்பிங், அப்புறம் முட்டை, கடலை, கேப்பை, நல்லா ஒறங்குறது. பவுடர் டப்பா வாங்கிக் குடுக்காதீங்க.

அதே மாதிரி அவனை உள்ள மட்டும் பூட்டி வைக்கவும் விட்றாதீங்க. வீட்டுல நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு உயரம்னு எழுதல. 14 வயசுல 6 அடி இருக்குறவன் 6 அடி 2லயே நின்னுட்டான்னா காலேஜ் டீம், ஸ்டேட் டீம்னு போறப்ப அவனைவிட உயரமானவங்கதான் உள்ள இருப்பாங்க, அப்ப இவன் வெளிய இருந்து ரிங்கைப் பாத்து நின்னு ஆடணும். அதனால பந்து தட்டிக்கிட்டு ஓடுறது, ஃப்ரீ த்ரோ கோட்டுல இருந்து ஷூட் பண்றது ரெண்டும் வாரத்துல ரெண்டு நாளாச்சும் நடக்கணும். அவன் வெளிய ஓடிவந்து ஷூட் பண்றான்னு கோச் திட்டுறாருன்னு சொன்னீங்கள்ல, அந்த ஆசையைக் கொன்னுறாதீங்க, அது பின்னாடி உதவும். கோச்கிட்டயும் சண்டைக்குப் போகாம, "தினம் பிராக்டிஸ் முடிஞ்சு பதினஞ்சு நிமிஷம் ஒரு கார்டுப் பையனோட உள்ள பாஸ் குடுத்து ஆடிக்கட்டுமா சார்"னு கேட்டுப் பாருங்க, உள்ள பாஸ் குடுக்கத் தெரிஞ்ச கார்டு இல்லைன்னா போஸ்ட் பிளேயர் என்ன கத்துக்கிட்டாலும் பிரயோசனம் இல்லை.

வர்ற மே மாசம் பெரியகுளத்துல ஆல் இந்தியா டோர்னமென்ட் நடக்குறப்ப பையனைக் கூட்டிட்டுப் போங்க, மதுரையில இருந்து பஸ்ல ரெண்டு மணி நேரம் சொச்சம்தான். சைடுல உக்காராதீங்க, ரிங்குக்குப் பின்னாடி எடம் கிடைச்சா அங்க உக்காருங்க. பந்தைப் பாக்க வேணாம்னு சொல்லிட்டு, ஒரே ஒரு பெரிய ஆளை மட்டும் காட்டி ஒரு குவார்ட்டர் முழுக்க அந்த ஆளோட காலை மட்டும் பாக்கச் சொல்லுங்க, பந்து கைக்கு வர்றதுக்குள்ள அந்தக் கால் எத்தனை தடவை எடம் மாறுச்சுன்னு எண்ணி, திரும்பி வர்ற பஸ்ல உங்ககிட்ட சொல்லட்டும்.